கொதிக்கும் முன் திரியும் எண்ணெய்

ஜனவரி விடியலில் மும்பையின் செம்பூர், மாட்டுங்கா வீடுகளில் தேங்காய் எண்ணெய் பாட்டில் வெள்ளையாக உறைந்து நிற்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் சற்று நேரம் நிறுத்தினால் தெளிந்துவிடும். 24 டிகிரி வாக்கில் அது உருகும். அதற்குக் கீழே கட்டி, மேலே எண்ணெய். அதே விடியலில் பிவண்டியில் ஒரு சாயப்பட்டறையின் பாய்லர் அறைக்குப் போனால் சங்கதியே வேறு. தொட்டியிலுள்ள பர்னஸ் ஆயில், அதாவது பாய்லரில் எரிக்கும் கன எண்ணெய், உறைந்திருக்காது. ஆனால் பம்ப் முனகும், வடிகட்டியைத் தாண்டி எண்ணெய் வர மறுக்கும், பர்னரைப் பற்றவைத்தால் புகைபோக்கியில் கரும்புகை கிளம்பும். இந்த எண்ணெய் எத்தனை டிகிரியில் உருகும் என்று கேட்டால் பதில் கிடையாது. அதற்கு ஒற்றை உருகுநிலை இல்லை, ஒற்றைக் கொதிநிலையும் இல்லை.

பள்ளியில் நாம் படித்த நிலைமாற்றம் தண்ணீரை வைத்துச் சொன்னது. பனிக்கட்டி 0 டிகிரியில் நீராகும், நீர் 100-இல் ஆவியாகும், ஆறவைத்தால் வந்த வழியே திரும்பும். தண்ணீரில் இருப்பது ஒரே வகை மூலக்கூறு என்பதால்தான் இந்த ஒழுங்கு. கன எண்ணெயில் இருப்பவை பல்லாயிரம் வகை. சில லேசானவை, சில நூறு கார்பன் அணுக்கள் வரை கோத்துக்கொண்டு கந்தகம், நைட்ரஜன், துளி நிக்கல், வனேடியம் எல்லாவற்றையும் சுமந்து திரிபவை. ஒவ்வொன்றும் தனக்குரிய வெப்பத்தில் உருகவும் ஆவியாகவும் பார்க்கும். அதைவிட முக்கியம், பெரிய மூலக்கூறுகள் கொதிக்கும் வெப்பத்தை எட்டுவதற்குள் உடையத் தொடங்கிவிடும். உடைந்தபின் தொட்டியில் இருப்பது நாம் ஊற்றிய எண்ணெய் அல்ல. ஆகவே கன எண்ணெயிடம் 'எத்தனை டிகிரி' என்று மட்டும் கேட்டால் போதாது. எவ்வளவு நேரம், எந்த அழுத்தத்தில், கூட என்ன கலந்திருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மும்பையின் மாஹுல் பக்கம் தெரியும் சுத்திகரிப்பு ஆலைகளின் உயரமான கோபுரங்களும் உலைகளும் பெரும்பாலும் இந்த மூன்று கேள்விகளுக்குக் கட்டிய பதில்கள்தாம். 1954-இல் எஸ்ஸோவின் முன்னோடி நிறுவனம் தொடங்கியது இன்று இந்துஸ்தான் பெட்ரோலியத்திடமும், 1955-இல் பர்மா ஷெல் தொடங்கியது பாரத் பெட்ரோலியத்திடமும் இருக்கின்றன.

எண்ணெயின் கனத்தை ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எண்ணால் சொல்வது வழக்கம். தண்ணீருக்கு 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் கூடக் கூட எண்ணெய் லேசு. 22.3-க்குக் கீழே போனால் கன எண்ணெய், 10-க்குக் கீழே போனால் தண்ணீரில் மூழ்கும். மும்பை ஹை வயலில் கிடைப்பது 38 அளவிலான லேசான எண்ணெய். ஆனால் லேசு என்றால் எளிதில் ஓடும் என்று பொருளில்லை. அதில் மெழுகு அதிகம், 30 டிகிரி அளவிலேயே அசைவற்றுப் போகும். கனமும் மெழுகும் வேறு வேறு நோய்கள். மருந்தும் வேறு.

மெழுகில் உண்மையான நிலைமாற்றம் நடக்கிறது. நீளமான பாரஃபின் சங்கிலிகள் படிகமாகி மெல்லிய தகடுகளாக ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. எடையில் ஓரிரு சதவீதம் படிகம் சேர்ந்தாலே போதும். மீதி எண்ணெய் முழுவதும் அந்த வலைக்குள் சிக்கித் தயிர் உறைந்தாற்போல் நின்றுவிடும். ராஜஸ்தானின் மங்களா எண்ணெய் வயலிலிருந்து குஜராத் கடற்கரைக்கு வரும் ஏறக்குறைய 670 கி.மீ. குழாயை வழி நெடுகச் சூடாக்கி, வெப்பக்காப்பு போர்த்தி, எண்ணெயை 65 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருப்பது இதற்காகத்தான். மெழுகு எண்ணெயை அரைகுறையாகச் சூடாக்குவது ஒரு பழைய தவறு. படிகம் முழுவதும் கரையும் வரை சூடேற்றாமல் பாதியில் விட்டு ஆறவைத்தால், கரையாமல் மிஞ்சிய துணுக்குகளைப் பிடித்துக்கொண்டு புதுப் படிகம் வேறு வடிவில் வளரும். முன்பு இருந்ததைவிட அதிக வெப்பத்திலேயே எண்ணெய் கட்டிப்படும். ஒரே எண்ணெய்க்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு வெவ்வேறு ஓட்டநிலை (எந்த வெப்பம் வரை எண்ணெய் ஓடும் என்ற எண்) தந்தால், பொய் சொல்வது யார் என்று தேடாமல், மாதிரியை முதலில் எத்தனை டிகிரிக்குச் சூடாக்கினார்கள் என்று விசாரிப்பது நல்லது.

ஓட்டநிலை என்பதே ஓர் ஒப்பந்தம்தான். கண்ணாடிக் குழாயில் எண்ணெயை எடுத்து மெல்லக் குளிர்வித்து, 3 டிகிரிக்கு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். படுக்கைவாட்டில் 5 விநாடி பிடித்தும் அசையவில்லை என்றால், அந்த வெப்பத்தோடு 3 டிகிரி கூட்டிச் சொல்வதுதான் ஓட்டநிலை. 5 விநாடிக்குப் பதில் 5 நிமிடம் பிடித்திருந்தால் எண் மாறியிருக்கும். சாலைக்குப் போடும் பிட்டுமெனுக்கும் அதே கதை. நாம் தார் என்று சொல்வது, உண்மையில் நிலக்கரித் தார் அல்ல, எண்ணெயின் அடிவண்டல். அதற்கு உருகுநிலை இல்லாததால் மென்மையாகும் நிலை என்று ஒன்றை வகுத்திருக்கிறார்கள்: பித்தளை வளையத்துக்குள் பிட்டுமென், மேலே 3.5 கிராம் எஃகுக் குண்டு, நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் சூடு. குண்டு 25 மி.மீ. கீழே இறங்கும்போது வெப்பமானி காட்டுவது விடை. விஜி-30 என்ற சாலைப் பிட்டுமென் வகைக்கு அது 47 டிகிரிக்குக் குறையக்கூடாது. மே மாதச் சாலையின் மேற்பரப்பு இந்த எண்ணைத் தாண்டும் நாட்கள் உண்டு, ஆனாலும் சாலை உருகி ஓடுவதில்லை. காரணம், இது உருகுவதே இல்லை. கண்ணாடி போலத் திடமாக இருந்தது சிறுகச் சிறுக இளகுகிறது, அவ்வளவுதான்.

இளகுவதைத் தமிழில் அளக்க ஒரு நல்ல சொல் இருக்கிறது: பாகுத்தன்மை. வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்கு இதன் பொருள் கையிலேயே தெரியும். இந்தியத் தரம் ஐ.எஸ். 1593-இன்படி நடுத்தர வகைப் பர்னஸ் ஆயிலுக்கு 50 டிகிரியில் 180 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) உச்சவரம்பு. அறை வெப்பத்தில் தண்ணீர் 1 சென்டிஸ்டோக். இந்த 180 எண்ணெய் மும்பையின் சாதாரண 30 டிகிரியில் சுமார் 600, ஜனவரி விடியலின் 15 டிகிரியில் 1,900. அதையே 100-க்குச் சூடாக்கினால் 25, 110-இல் 19, 120-இல் 15. குளிரும் பக்கத்தில் 15 டிகிரி இறங்கினால் மும்மடங்காகக் கெட்டிப்படும் எண்ணெய், சூடான பக்கத்தில் 10 டிகிரி ஏறினாலும் 4 முதல் 6 சென்டிஸ்டோக்தான் இளகுகிறது. அதனால்தான் தொட்டியில் கொஞ்சம் சூடு போதும். பர்னர் முனையில் நிறையச் சூடு வேண்டும், அதற்கும் மேலே போனால் பயனில்லை.

பர்னருக்குள் எண்ணெய் 15 முதல் 20 சென்டிஸ்டோக் வரை இளகி வந்தால்தான் நுண்துளியாகச் சிதறும். கெட்டியாக வந்தால் துளி பெரிதாகும். பெரிய துளியின் வெளிப்பக்கம் ஆவியாகி எரியும்போது உட்பக்கம் வெந்து கரித்துணுக்காகி, புகைபோக்கி வழியாகப் பறக்கும் அல்லது உலைச்சுவரில் ஒட்டும். ஒரு துளிக்குள்ளேயே ஆவியாதலும் கரியாதலும் போட்டி போடுவது இப்படி. நடைமுறையில் தொட்டியை 50 டிகிரியை ஒட்டி வைத்துக்கொண்டு, பர்னருக்கு முன்னாலுள்ள ஹீட்டரில் 105-110 வரை ஏற்றுவார்கள். இதற்கு ஆகும் செலவு அற்பம்: ஒரு டன் எண்ணெயை 30-இலிருந்து 110-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 37,600 கிலோ கலோரி, அந்த டன் எரிந்தால் கிடைப்பது ஒரு கோடியே 5 லட்சம். அரை சதவீதம்கூட இல்லை. இருந்தும் பல இடங்களில் முதலில் அணைக்கப்படுவது ஹீட்டர்தான்.

தொட்டியை ஏன் 50-லேயே நிறுத்த வேண்டும்? பர்னஸ் ஆயிலின் தீப்பற்றுநிலை 66 டிகிரிக்குக் குறையக்கூடாது என்பது தரம். சில எண்ணெய்கள் அந்த விளிம்பிலேயே இருக்கும். அதற்கு 10 டிகிரி கீழே, அதாவது 56-க்கு மேல் தொட்டியைக் கொண்டுபோகாமல் இருப்பது நல்ல பழக்கம். இங்கே மேற்பரப்பு வெப்பமானியை மட்டும் நம்பக்கூடாது. கெட்டி எண்ணெய் சுழலாது. சூடாக்கும் சுருளை ஒட்டிய எண்ணெய் 90-இல் இருக்கும்போது மேலே 45 காட்டும். மின்சுருளாக இருந்தால் ஒரு சதுர செ.மீ. பரப்புக்கு 1 முதல் 1.5 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. தண்ணீர் காய்ச்சும் சுருளைக் கொண்டுவந்து எண்ணெயில் போட்டால் அதன்மேல் சில வாரங்களில் கரித்தோல் படியும். தோல் வெப்பத்தைத் தடுக்கும், உள்ளே கம்பி இன்னும் சூடாகும், கடைசியில் சுருள் எரிந்து போகும். பழி எண்ணெய்மேல் விழும்.

100 டிகிரியில் ஒரு தனி வில்லங்கம் காத்திருக்கிறது. அது எண்ணெயுடையது அல்ல, தண்ணீருடையது. தரப்படி 1 சதவீதம் வரை தண்ணீர் இருக்கலாம். தொட்டியின் அடியில் படிந்து கிடப்பது அதற்கும் மேல். ஒரு லிட்டர் நீர் கொதித்தால் 1,600 லிட்டருக்கு மேல் நீராவி. லேசான எண்ணெயில் குமிழி மேலே வந்து உடைந்துபோகும். கெட்டி எண்ணெயில் குமிழி மாட்டிக்கொண்டு நுரையாகும். பால் பொங்குவதைப்போல் தொட்டியே பொங்கி வழியும். பிட்டுமென் தொட்டிகளை ஒன்று 93 டிகிரிக்குக் கீழே வை, இல்லை 130-க்கு மேலே வை, நடுவில் மட்டும் நிறுத்தாதே என்று சொல்வது இதனால்தான். நடுவில் நிறுத்தினால், தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே அது கொதிக்கும் விளிம்பில் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் தங்கியிருந்த வெற்றுத் தொட்டிக்குள் 150 டிகிரி அடிவண்டலைப் பாய்ச்சுவது கூரையைத் தூக்கி எறியும் வேலை. பாய்லர் ஹீட்டரிலும் சிறிய அளவில் இதே விஷயம். 120 டிகிரியில் தண்ணீரின் ஆவியழுத்தம் 2 பார். எண்ணெய்க் குழாயின் அழுத்தம் அதற்குமேல் இருந்தால் தண்ணீர் அடங்கியிருக்கும், இல்லாவிட்டால் சுடர் விட்டுவிட்டு எரியும். ஹீட்டரைப் பம்புக்கு முன்னால் பொருத்திவிட்டு, பம்ப் ஏன் சத்தம் போடுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு. சூடான எண்ணெயிலிருந்து ஆவிக்குமிழி கிளம்பிப் பம்புக்குள் நொறுங்குகிறது. ஹீட்டரின் இடம் பம்புக்குப் பின்னால்.

தண்ணீரின் இந்தக் குணம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 1982 டிசம்பர் 19 அன்று வெனிசுலாவின் தகோவா மின்நிலையம் காட்டியது. சூடாக்கி வைத்திருந்த கன எரி எண்ணெய்த் தொட்டி தீப்பிடித்தது. மேலே லேசான பகுதிகள் ஆவியாகி எரிய, மிஞ்சிய கனமான சூட்டு அடுக்கு மெல்லக் கீழே இறங்கியது. ஏறக்குறைய 6 மணி நேரம் கழித்து அது அடியிலிருந்த தண்ணீரைத் தொட்டபோது, எரியும் எண்ணெய் முழுவதும் வானத்துக்கு எறியப்பட்டது. 150-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தனர். தீயணைப்பு வீரர்கள் அவர்களில் கணிசமானோர். பர்னஸ் ஆயில் சாதாரணமாகத் தீப்பிடிக்காது என்று சொல்வது, சூடாக்காதவரை மட்டுமே உண்மை.

இனி மேலே போவோம். 150 டிகிரியிலிருந்து 350 வரை கன எண்ணெய் நாகரிகமாக நடந்துகொள்கிறது. லேசான மூலக்கூறுகள் முதலில், அடுத்தவை பின்னால் என்று வரிசையில் ஆவியாகும். 16 கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலி 287 டிகிரியில் கொதிக்கும், 20 கார்பன் 343-இல், 30 கார்பன் 450 வாக்கில், 40 கார்பன் 520-க்கும் மேலே. எண்ணெயில் பாதி 40 கார்பனைத் தாண்டியவையாக இருக்கும்போது, திறந்த உலையில் அவற்றைக் கொதிக்கவைக்கவே முடியாது. 350-ஐத் தாண்டியதும் கார்பன்-கார்பன் பிணைப்புகள் கவனிக்கத்தக்க வேகத்தில் உடையத் தொடங்குகின்றன. கந்தகம் பாலமாக நிற்கும் இடங்கள் அதற்கும் முன்பே. சூடான பிட்டுமென் தொட்டியின் மேல்வாயில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும் என்று எச்சரிப்பதன் வேர் இது. அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆகவே 'வாசனை வரவில்லையே' என்பது பாதுகாப்புக்குச் சான்றல்ல.

உடையாமல் ஆவியாக்க என்ன வழி? அழுத்தத்தைக் குறைப்பது ஒன்று. 540 டிகிரியில் கொதிக்க வேண்டிய பகுதி, 10 மி.மீ. பாதரச அழுத்தத்தில் 365-370-லேயே ஆவியாகும். சாதாரண வடிகோபுரத்தின் அடியில் தங்கியதை எடுத்து வெற்றிடக் கோபுரத்துக்கு அனுப்புவது இதற்காக. அழுத்தம் சாதாரண 760-இலிருந்து 20 மி.மீ.க்கு இறங்கினால் ஆவியின் கன அளவு 38 மடங்கு பெருக்கும். வெற்றிடக் கோபுரம் மற்றவற்றைவிடத் தடித்த இடுப்போடு நிற்பதன் காரணம் அதுவே. எஞ்சின் ஆயிலுக்கான அடிப்படை எண்ணெய் இந்தக் கோபுரத்திலிருந்துதான் பிறக்கிறது. மாஹுலில் அதற்கென்று தனி ஆலையே உண்டு.

இரண்டாவது வழி நீராவியைக் கலப்பது. ஊட்டியில் நீலகிரித் தைலம் வடிப்பவர்களுக்கு இது பழகிய வித்தை. தைலத்தின் முக்கியக் கூறு 176 டிகிரியில் கொதிப்பது. ஆனால் இலையின் ஊடே நீராவி போகும்போது 100-க்குள்ளேயே அதோடு சேர்ந்து வெளியேறிவிடுகிறது. மொத்த அழுத்தத்தை நீராவி சுமந்துகொள்வதால், எண்ணெய் தன் பங்கு அழுத்தத்தை மட்டும் எட்டினால் போதும். வெற்றிட உலையின் குழாய்களுக்குள் நீராவி ஊதுவதும் இதே கணக்கு. கூடவே இன்னொரு லாபம்: எண்ணெய் வேகமாக ஓடுகிறது, சூட்டில் தங்கும் நேரம் குறைகிறது.

நேரம் என்ற அந்தச் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. உலையிலிருந்து எண்ணெய் 400-410 டிகிரியில் வெளிவருகிறது, பெரிய சேதமில்லை. அதே எண்ணெயின் மிச்சம் கோபுரத்தின் அடித்தொட்டியில் 380-இல் கிடக்கிறது, அங்கே கரி பிடிக்கிறது! குறைந்த சூட்டில் அதிகக் கேடு எப்படி? உலையில் தங்குவது விநாடிக் கணக்கு. அடித்தொட்டியில் நிமிடக் கணக்கு. அதனால் அடியிலிருந்து எடுத்த எண்ணெயில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் அதற்குள்ளேயே ஊற்றி வெப்பத்தைத் தணிப்பார்கள். உடையும் வேகம் இந்த வெப்பத்தில் ஒவ்வொரு 12-13 டிகிரிக்கும் இரட்டிப்பாகும். 350-க்கும் 450-க்கும் இடையே ஏறத்தாழ 250 மடங்கு. மட்டமான கட்டுப்பாட்டில் 25 டிகிரி கூடிப்போனால் நான்கு மடங்கு வேகம் என்று பொருள்.

உடைதல் தொடங்கிவிட்டதை முதலில் சொல்வது வெப்பமானி அல்ல. வெற்றிடத்தை இழுக்கும் நீராவி எஜெக்டர்கள் திணறும். உடைந்து பிறந்த லேசான வாயு அவற்றின் கொள்ளளவை மீறுவதால் வெற்றிடம் தளரும். தளர்ந்தால் எண்ணெய் ஆவியாக மறுக்கும், இயக்குபவர் உலையைக் கூட்டுவார், உடைதல் இன்னும் கூடும். இந்தச் சுழலில் மாட்டினால் உலையைக் கூட்டாமல் குறைப்பதுதான் சரி, கை அதற்கு எளிதில் வராது.

கரி எப்படிப் பிறக்கிறது என்பதுதான் இந்த வரலாற்றிலேயே சுவையான பகுதி. எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிக் கரியாகிறது என்றே நீண்டகாலம் நினைத்தார்கள். உண்மையில் எண்ணெய் பாலைப்போலத் திரிகிறது. 1837-இல் பிரெஞ்சு வேதியியலர் பூசிங்கோ பெயர் சூட்டிய அஸ்ஃபால்ட்டீன் என்ற பகுதி, கன எண்ணெயில் கரைந்தும் கரையாமலும் சில நானோமீட்டர் கொத்துகளாக மிதக்கிறது. ஹெப்டேன் என்ற லேசான திரவத்தை ஊற்றினால் பழுப்புப் பொடியாகப் படியும், டொலுயீனில் கரையும். சுற்றியிருக்கும் பிசின் மூலக்கூறுகளும் அரோமாட்டிக் (கார்பன் வளையங்கள் கொண்ட) எண்ணெயும் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. 400 டிகிரியில் அஸ்ஃபால்ட்டீனின் வால்கள் உடைந்து விழுகின்றன, அடர்ந்த நடுப்பகுதி மட்டும் மிஞ்சுகிறது. அதே சமயம் தாங்கிப் பிடித்த எண்ணெயும் உடைந்து லேசாகி, ஹெப்டேன் மாதிரிக் குணம் பெறுகிறது. ஒருபக்கம் கரைபொருள் கரையத் தகுதியிழக்க, மறுபக்கம் கரைப்பான் கரைக்கும் வலுவை இழக்க, ஒரு கட்டத்தில் எண்ணெய்க்குள் இன்னொரு திரவம் பிரிந்து நிற்கிறது. ஒரே பாத்திரத்தில் இரண்டு திரவங்கள், மேலே ஆவி. பிரிந்த கனத் திரவத்துக்குள் ஹைட்ரஜன் தர யாருமில்லை. நடுப்பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டி நொடியில் கோக் என்ற கெட்டிக் கரியாகின்றன. 1993-இல் இர்வின் வீஹி என்ற ஆய்வாளர் இந்தப் பிரிதலைக் கணக்காக எழுதிக் காட்டினார். தொடக்கத்தில் சிறிது நேரம் கோக் கொஞ்சமும் இல்லாமலிருந்து, பின்பு திடீரென்று தோன்றுவது ஏன் என்ற பழைய புதிருக்கு அது விடையானது. அதற்கு முன்பே 1965-இல் புரூக்ஸும் டெய்லரும், பிரிந்த திரவம் நுண்ணோக்கியில் பளபளக்கும் குண்டுகளாகத் திரள்வதைக் காட்டியிருந்தனர். அது திரவப்படிகம், கரியாவதற்கு முந்தைய கடைசித் திரவ நிலை.

திரிந்த பாலை ஆறவைத்தால் மீண்டும் பாலாகாது. கோக்கும் அப்படியே. தண்ணீரின் நிலைமாற்றத்தில் பழகிய மனது இங்கேதான் சறுக்கும்: உலையை அணைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கும். குழாயின் உட்சுவரை ஒட்டிய மெல்லிய எண்ணெய்ப்படலம், நடுவில் ஓடும் எண்ணெயைவிடப் பல பத்து டிகிரி சூடு, ஓட்டமும் மந்தம். கோக் முதலில் படிவது அங்கே. பம்ப் திடீரென நின்றால், சூடான உலைக்குள் அசையாமல் நிற்கும் எண்ணெய் குழாயை அடைத்துவிடும். உடனே நீராவி செலுத்தி எண்ணெயைத் தள்ளிவிட வேண்டும். படிந்தபின் இரண்டே வழி: நீராவியோடு காற்றைச் சேர்த்து உள்ளேயே எரிப்பது, அல்லது முள் பதித்த உருளைகளை நீரழுத்தத்தால் குழாய்க்குள் தள்ளிச் சுரண்டுவது. எரிக்கும்போது காற்றின் அளவு தப்பினால் குழாயே உருகும்.

இந்தத் திரிதலை வேண்டுமென்றே நடத்தும் ஆலைகளும் உண்டு. விஸ்பிரேக்கர் என்பது கெட்டி எண்ணெயை லேசாக உடைத்து இளக்க, அது திரியும் விளிம்புவரை போய்த் திரும்பும் கருவி. 470-500 டிகிரியில் ஓரிரு நிமிடம், இல்லையென்றால் 430-450-இல் பத்து இருபது நிமிடம். இரண்டிலும் கிட்டத்தட்ட அதே பலன். விளிம்பைக் கொஞ்சம் தாண்டினால் எண்ணெய் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் தொட்டியில் சில வாரத்தில் சேறு படியும், பாய்லர் வடிகட்டி அடைக்கும். எண்ணெயைக் கோக்காக்கும் டிலேயிட் கோக்கர் விளிம்பைத் தாண்டியே தீர வேண்டும் என்று கட்டியது. உலையில் 490-505 டிகிரிக்கு வேகமாக ஏற்றி, கோக் படிவதற்குள் பெரிய உருளைக்குள் தள்ளிவிடுவார்கள். அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்து திரியட்டும் என்று. தாமதம் என்று பெயரிலேயே இருக்கிறது. ஓர் உருளை நிறைந்ததும் எண்ணெயை அடுத்ததுக்குத் திருப்பிவிட்டு, நிறைந்ததில் 100 முதல் 300 பார் அழுத்தத் தண்ணீரால் கோக்கை வெட்டி எடுப்பார்கள். எண்ணெயின் கரி எச்ச எண்ணை (ஆய்வகத்தில் சுட்டால் கரியாக மிஞ்சும் சதவீதம்) 1.6-ஆல் பெருக்கினால் எவ்வளவு சதவீதம் கோக் தேறும் என்று ஏறத்தாழச் சொல்லலாம். 20 என்றால் 32.

பாய்லர் வைத்திருப்பவர்களுக்குத் திரிதல் உலை இல்லாமலே நேரும். பாரஃபின் அதிகமுள்ள ஓர் எண்ணெயையும் விஸ்பிரேக்கரிலிருந்து வந்த இன்னொன்றையும் ஒரே தொட்டியில் கலந்தால் போதும். தனித்தனியே நல்லவை, சேர்ந்தால் அஸ்ஃபால்ட்டீன் கீழே இறங்கும். தடுக்க ஒரு மலிவான சோதனை உண்டு. இரண்டையும் தொட்டியில் சேரப்போகும் விகிதத்தில் கலந்து, 100 டிகிரிக்குச் சூடாக்கி, சோதனைத் தாளில் ஒரு சொட்டு விட்டு, 100 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம் உலர்த்திப் பாருங்கள். கறை ஒரே சீராகப் பரவியிருந்தால் கலக்கலாம். நடுவில் கருவட்டம் தனியாக நின்றால் வேண்டாம். வேறு தொட்டி இல்லாத இடத்தில், பழையதை அடிவரை தீர்த்துவிட்டுப் புதியதை இறக்குங்கள்.

மேற்சொன்ன அத்தனை நிலைகளும் ஒரே இடத்தில் வரிசையாக நிற்கும் ஓர் இடம் மும்பையிலிருந்து ஓர் இரவு ரயில் தூரத்தில் இருக்கிறது. குஜராத்தின் மெஹ்சானா அருகே பலோல், சாந்தல் வயல்களில் சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் கன எண்ணெய். அதை வெளியே எடுக்க அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி 1990-இல் சோதனையாகத் தொடங்கி 1997 வாக்கில் விரிவாக்கிய முறை, பூமிக்குள்ளேயே எண்ணெயின் ஒரு பகுதியை எரிப்பது. கிணற்றில் காற்றைச் செலுத்திப் பற்றவைத்தால் தீமுனை பாறைக்குள் மெல்ல நகரும். தீக்கு முன்னால் எண்ணெய் உடைந்து கோக் படிகிறது. அதற்கும் முன்னால் லேசான பகுதிகள் ஆவியாகி ஓடுகின்றன. அதற்கும் முன்னால் பாறையிலிருந்த தண்ணீர் நீராவியாகி நிற்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் சூடு பட்டு இளகிய எண்ணெய், உற்பத்திக் கிணற்றை நோக்கி நகர்கிறது. தீயைத் தொடர்ந்து உயிரோடு வைத்திருக்கும் விறகு, சற்றுமுன் படிந்த அந்தக் கோக்தான். கோக் குறைவாகப் படியும் லேசான எண்ணெயில் தீ அணைந்துபோகும்; அதிகமாகப் படிந்தால் அத்தனையையும் எரித்துத் தீர்க்கக் காற்று கட்டுப்படியாகாது. காற்று போதாமல் வெப்பம் தணிந்தாலோ எண்ணெய் எரியாமல் ஆக்சிஜனை ஏற்று இன்னும் கெட்டிப்படும். அதனால் காற்று அமுக்கிகள் ராப்பகலாக ஓடியாக வேண்டும்; வெளிவரும் வாயுவில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு, எரியாமல் தப்பிய ஆக்சிஜன் எவ்வளவு என்று அளந்துதான் கீழே தீ எந்த நிலையில் இருக்கிறது என்று மேலே இருப்பவர்கள் கணிக்கிறார்கள்.